கூட்டமான ஸ்கீ சரிவில் மோதாமல் சறுக்க: முழுமையான வழிகாட்டி

ஸ்கீ சரிவில், அதாவது காலில் ஸ்கீ பலகை பூட்டிப் பனியில் சறுக்கும் மலைச்சரிவில், இருவர் மோதிக்கொண்டால் காவல்துறையும் நீதிமன்றமும் காப்புறுதி நிறுவனமும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மோதுவதற்கு முன் யார் மேலே இருந்தார், யார் கீழே இருந்தார்? யார் எத்தனை வருடமாகச் சறுக்குகிறார், யாருடைய ஸ்கீ விலை அதிகம், யார் முதலில் கத்தினார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் சரிவு ஒழுங்கில் பெரும்பகுதி தானாகவே புரிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. பிள்ளைகள் பள்ளி ஸ்கீலாகரில் (பனிச்சறுக்கு முகாமில்) ஆசிரியரிடம் விதிகளோடு சேர்த்தே சறுக்கக் கற்றுவிடுகிறார்கள். பெற்றோர் பலரும் நாற்பது வயதுக்கு மேல், நண்பர் ஒருவர் கையைப் பிடித்துக் கற்கிறார்கள். நண்பர் திரும்பவும் நிற்கவும் சொல்லிக்கொடுப்பார். எங்கே நிற்கக்கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரிவில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை ஒருவர் தானாக விழுந்து அடிபடுவதுதான். மோதல்கள் அதில் சிறு பங்கு. ஆனால் தானாக விழும்போது உங்கள் வேகம் மட்டும்தான் உங்களைத் தாக்கும். மோதலில் அடுத்தவர் வேகமும் சேர்கிறது, அது எந்தப் பக்கமிருந்து வரும் என்பதும் தெரியாது.

விதிகள் எங்கிருந்து வந்தன

அனைத்துலக ஸ்கீ சம்மேளனமான எஃப்.ஐ.எஸ். பத்து நடத்தை விதிகளை வைத்திருக்கிறது. 1967ல் பெய்ரூத்தில் கூடிய மாநாட்டில் ஏற்கப்பட்டவை இவை. (லெபனானில் பனிமலையா என்று கேட்காதீர்கள், அங்கே நல்ல ஸ்கீ தளங்கள் இருக்கின்றன.) ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிதானே, மீறினால் என்ன ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் உட்பட ஆல்ப்ஸ் நாடுகளின் நீதிமன்றங்கள், ஒருவர் கவனக்குறைவாக நடந்தாரா என்று பார்க்க இந்தப் பத்து விதிகளைத்தான் அளவுகோலாக எடுக்கின்றன. அமெரிக்காவில் இதற்கு இணையாக ஸ்கீ தளங்களின் தேசியச் சங்கம் வெளியிட்ட பொறுப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. 2022ல் அதையும் பத்து அம்சங்களாக விரித்தார்கள்.

பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்றாம் விதியும் ஐந்தாம் விதியும் எலும்புபோல் மனதில் நிற்க வேண்டும். மூன்றாவது, பின்னால், அதாவது மேலிருந்து வருபவர் கீழே இருப்பவருக்கு ஆபத்து வராதபடி தன் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. ஐந்தாவது, சரிவுக்குள் நுழைபவர், நின்ற இடத்திலிருந்து மீண்டும் கிளம்புபவர், மேல்நோக்கித் திரும்புபவர் ஆகியோர் தமக்கும் மற்றவருக்கும் ஆபத்து இல்லை என்பதை மேலும் கீழும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

கவனித்தீர்களா? ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே இருப்பவர் பொறுப்பு. நின்று கிளம்பும்போது பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. “கீழே இருப்பவருக்குத்தான் எப்போதும் உரிமை” என்று பாதியை மட்டும் கற்றவர்கள்தான் சரிவு ஓரத்திலிருந்து தலையைத் திருப்பாமலே நடுவுக்குப் பாய்கிறார்கள்.

படி 1: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

மோதலைத் தவிர்க்க மிக எளிய வழி, கூட்டத்தைத் தவிர்ப்பது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையான வாரம் எல்லா இடத்திலும் நெரிசல். பிப்ரவரியில் சுவிஸ் கன்டோன்கள் (மாநிலங்கள்) வெவ்வேறு வாரங்களில் விளையாட்டு விடுமுறை விடுகின்றன. பிரான்சிலும் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுகிறார்கள். உங்கள் கன்டோனுக்கு விடுமுறை இல்லாத வாரத்திலும் பக்கத்துக் கன்டோன் முழுவதும் மலையில் இருக்கலாம். போவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

விடுமுறை வாரத்திலும் இடைவெளி கிடைக்கும். வார அடிப்படையில் அறை வாடகைக்கு விடும் பிரெஞ்சுத் தளங்களில் சனிக்கிழமைதான் ஆட்கள் மாறும் நாள். பாதிப் பேர் காரில் இருப்பார்கள், சரிவு காலியாக இருக்கும். மற்ற நாட்களில் மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட் திறந்ததும் முதல் ஒரு மணி நேரமும், எல்லோரும் சாப்பிடப் போகும் 12 முதல் 1 வரையும் நல்ல நேரம். அந்த நேரத்தில் சறுக்கிவிட்டு 1 மணிக்கு மேல் சாப்பிடப் போனால் உணவகத்திலும் இடம் கிடைக்கும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் எல்லோரும் ஒரே நேரத்தில் சரிவில் இருப்பார்கள்.

படி 2: சரிவின் நிறத்தை நேர்மையாகப் படியுங்கள்

சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் நீலம் என்றால் 25 விழுக்காட்டுச் சாய்வு வரை, சிவப்பு என்றால் சில குறுகிய பகுதிகள் நீங்கலாக 40 வரை, அதற்கு மேல் கறுப்பு. பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. சுவிஸில் மஞ்சள் பாதை என்றால் அடையாளம் இட்டு, மேலிருந்து பனி சரிந்து விழும் ஆபத்திலிருந்து பாதுகாத்திருப்பார்கள். ஆனால் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. எளிதான நீலச் சரிவுதான் மோதலுக்கு மோசமான இடம். தொடக்கநிலைக்காரர், குழந்தைகள் வகுப்பு, இளைப்பாறிக்கொண்டு போகும் வயதானவர், வீடு திரும்பும் அவசரத்தில் பறக்கும் இளைஞர் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். கறுப்புச் சரிவில் ஆட்கள் குறைவு, எல்லோருக்கும் பயமும் இருக்கும். கூட்டமான நாளில் உங்களால் சிவப்பில் கட்டுப்பாட்டோடு இறங்க முடியுமென்றால், அங்கேயே பாதுகாப்பு அதிகமாக இருக்கலாம். முடியாதென்றால் நீலம்தான், மாற்றுப் பேச்சே இல்லை.

என் பார்வையில் மிக ஆபத்தானவர்கள் புதியவர்கள் அல்லர். அவர்கள் மெதுவாகப் போய் விழுந்து எழுகிறார்கள். இரண்டு மூன்று பருவம் சறுக்கி, வேகம் வந்து, நிறுத்தம் இன்னும் வராதவர்கள்தான் ஆபத்து. நேராக நன்றாகப் போவார்கள். முன்னால் ஒரு பிள்ளை விழுந்தால் திணறிவிடுவார்கள்.

படி 3: தலையிலும் காலிலும் இருக்க வேண்டியவை

ஹெல்மெட் சுவிஸில் சட்டக் கட்டாயம் இல்லை; ஆனாலும் இன்று போடாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தாலியில் 2025 நவம்பர் 1 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். ஸ்கீ ஹெல்மெட்டில் இ.என். 1077 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரச் சோதனையில் ஹெல்மெட்டை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேக மோதலைத்தான் சோதிக்கிறார்கள். போட்டுக்கொள்வது மிக நல்லது. போட்டிருக்கிறோம் என்பதற்காக 60ல் பறப்பதற்கு அது அனுமதி ஆகிவிடாது.

கண்ணை மூடிக் காக்கும் காகில்ஸின் கண்ணாடியை வானிலைக்கு ஏற்ப மாற்றுங்கள். மேகமூட்டத்தில் வெளிர்நிறமான எஸ்1, நல்ல வெயிலில் கறுத்த எஸ்3. மூடுபனி நாளில் கறுப்புக் கண்ணாடியோடு இறங்குபவருக்கு மேடும் பள்ளமும் தெரியாது, சில நேரம் முன்னால் இருக்கும் மனிதரே தெரியமாட்டார். வாடகைக்கு எடுக்கும் ஸ்கீயில் காலணியைப் பூட்டும் பிணைப்பைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, திறன் பார்த்துத்தான் அமைப்பார். எடையைக் குறைத்தோ திறனைக் கூட்டியோ சொல்லாதீர்கள். எடையைக் குறைத்தால் ஸ்கீ தேவையில்லாமலே கழலும். திறனைக் கூட்டினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால்தான் திரும்பும்.

பாட்டுக் கேட்பதைப் பற்றி: ஒரு காதையாவது திறந்து வையுங்கள். பின்னால் வருபவரின் ஸ்கீ விளிம்பு பனியை அரைக்கும் ஓசை பல நேரம் கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்துவிடும்.

படி 4: லிஃப்ட்

வரிசையில் முன்னால் இருப்பவரின் ஸ்கீமேல் ஏறி நிற்காதீர்கள். அவர் கோபத்தை விடுங்கள், அந்த ஸ்கீ பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணம். நாற்காலி லிஃப்டில் பையைக் கழற்றி மடியில் வையுங்கள், ஊன்றுகோல் இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள், பாதுகாப்புக் கம்பியை அறிவிப்புப் பலகை வரும்வரை தூக்காதீர்கள்.

மேலே இறங்கியதும்தான் அசல் சிக்கல். இறங்கும் மேட்டின் அடியிலேயே நின்று கையுறையைத் தேடுபவர், ஸ்னோபோர்டில் (இரு காலையும் கட்டிச் சறுக்கும் ஒற்றைப் பலகை) பின்காலைக் கட்ட உட்காருபவர், குடும்பத்தில் மீதிப் பேருக்குக் காத்திருப்பவர் என்று ஒரு சிறு சந்தையே உருவாகிவிடும். பின்னால் வரும் நாற்காலி நிற்காது. இறங்கிய வேகத்திலேயே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய், ஓரத்தில் நின்று வேலையைப் பாருங்கள். இழுவை லிஃப்டில் பாதியில் விழுந்துவிட்டால் கம்பியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து உருண்டாவது வெளியேறுங்கள். விடாமல் பிடித்துக்கொண்டு இழுபடுவதில் பெருமை எதுவும் இல்லை.

படி 5: சறுக்கும்போது

வேகத்திலிருந்து தொடங்குவோம். நன்றாகச் சமன்செய்த சரிவில் சாதாரணமாகச் சறுக்குபவரே 40, 50 கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறார். அவருக்கு அப்படித் தோன்றாது. மணிக்கு 50 என்றால் நொடிக்கு 14 மீட்டர். முன்னால் ஒருவர் விழுந்ததைப் பார்த்து மூளை முடிவெடுக்க ஒரு நொடி போனால், நீங்கள் எதுவும் செய்யத் தொடங்கும் முன்பே 14 மீட்டர் போய்விட்டது. அந்த வேகத்தில் அசையாத பொருள்மேல் மோதுவது பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகத்தை 30க்குக் குறைத்தால் அந்த உயரம் மூன்றரை மீட்டராகிவிடுகிறது. வேகம் பாதியானால் அடி பாதியாவதில்லை, கால் பங்காகிறது. “ஸ்லோ” என்று எழுதிய பதாகையைக் குறுக்கே கட்டியிருந்தால் அங்கே ஏற்கெனவே யாரோ அடிபட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பார்வை. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்காமல், அவருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கும்.

முந்துவது எப்படி? மேலேயோ கீழேயோ, வலமோ இடமோ, எந்தப் பக்கமும் முந்தலாம் என்கிறது நான்காம் விதி. அதோடு சேர்த்து ஒரு நிபந்தனையும் போடுகிறது: முந்தப்படுபவர் வேண்டுமென்றோ தவறியோ செய்யக்கூடிய எந்த அசைவுக்கும் போதிய இடம் விட்டிருக்க வேண்டும். அந்தத் “தவறியோ” முக்கியம். அவர் விழுந்து பக்கவாட்டில் சறுக்கினாலும் உங்கள் பாதையில் வந்துவிடக்கூடாது. என் கணக்கில் நான்கைந்து மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் முந்துவது சரியில்லை. தொடக்கநிலைக்காரர் என்றால் அதற்கும் மேல் வேண்டும். இடம் இல்லையா, வேகத்தைக் குறைத்து அவர் பின்னாலேயே வாருங்கள்.

முந்தும்போது கத்தும் பழக்கத்தைப் பற்றி ஆட்களுக்கு இரண்டு கருத்து உண்டு. அமெரிக்காவில் “உங்கள் இடப்பக்கம்” என்று குரல் கொடுப்பது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதியவர் ஒருவர் குரல் வந்த பக்கமே தலையைத் திருப்புவார், தலை திரும்பிய பக்கமே உடலும் ஸ்கீயும் போகும். கத்த வேண்டிய அளவுக்கு நெருங்கிவிட்டீர்கள் என்றால் ஏற்கெனவே தவறு நடந்துவிட்டது. மோதல் உறுதி என்று தெரியும்போது கத்துங்கள், அதில் தவறில்லை. அப்போது கூடச் சிறந்த வழி, இடுப்பைப் பக்கவாட்டில் சாய்த்து நீங்களே விழுந்துவிடுவது. பனியில் உட்கார்ந்து சறுக்கும் உடல் நின்றுகொண்டு பாயும் உடலைவிட விரைவில் வேகம் இழக்கும்.

ஸ்னோபோர்டுக்காரரைத் தாண்டும்போது அவருடைய எந்தக் கால் முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். இடக்கால் முன்னால் என்றால் அவர் முகம் வலப்பக்கம் பார்த்திருக்கும். இடப்பக்கம் முழுவதும் அவருக்கு முதுகு. குதிகால் பக்கம் திரும்பும்போது தாம் பார்க்காத அந்த இடப்பக்கத்துக்குத்தான் வருவார். வலக்கால் முன்னால் என்றால் எல்லாம் எதிர்ப்புறம். முடிந்தவரை முகத்தின் பக்கமாகத் தாண்டுங்கள். நீங்களே ஸ்னோபோர்டுக்காரர் என்றால், குதிகால் திருப்பத்துக்கு முன் தோளுக்கு மேலாக ஒரு பார்வை போதும்.

மேலிருந்து வருபவர்தான் பொறுப்பு என்றாலும் நீங்களும் அவருக்கு உதவலாம். ஒரே அளவான திருப்பங்களோடு இறங்குங்கள். அப்படிப் போகிறவரின் அடுத்த இரண்டு நொடியைப் பின்னால் வருபவர் கணித்துவிடுவார். திடீரென்று சரிவின் முழு அகலத்தையும் குறுக்கே வெட்டத் தோன்றினால், வெட்டும் முன் மேலே ஒரு பார்வை. கார்விங் செய்து, அதாவது ஸ்கீயின் விளிம்பில் சாய்ந்து, மேல்நோக்கி வளைபவர்களுக்கு இது விருப்பம் சார்ந்தது அல்ல, ஐந்தாம் விதிப்படி கடமை.

படி 6: நிற்பதும் மீண்டும் கிளம்புவதும்

நிற்கத் தகுந்த இடம்: ஓரம், அகலமான பகுதி, மேலிருந்து வருபவருக்குத் தூரத்திலேயே தெரியும் இடம். நிற்கக்கூடாத இடம்: குறுகிய பாதை, வளைவின் உட்புறம், மேட்டுக்குக் கீழே. மேட்டைத்தான் பலரும் மறக்கிறார்கள். சரிவு சட்டென்று மடிந்து இறங்கும் இடத்துக்குக் கீழே நிழலும் காற்றில்லாத அமைதியும் இருக்கும், நிற்க இதமாக இருக்கும். மேலிருந்து வருபவருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. விழுந்துவிட்டாலும் அங்கிருந்து முதலில் ஓரத்துக்கு வாருங்கள், தொலைந்த ஊன்றுகோலை அப்புறம் தேடலாம்.

குழுவாக வந்தால் ஒருவருக்குக் கீழே ஒருவராக ஓரத்தில் வரிசையாக நில்லுங்கள். பக்கம் பக்கமாக நின்றால் பாதிச் சரிவை அடைத்துவிடுவீர்கள். குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் சரிவின் நடுவில் நிறுத்தி “இன்னும் கொஞ்சம் பின்னால போங்க” என்று கை காட்டும் சித்தப்பாக்களை விடுமுறை நாளில் எந்த மலையிலும் காணலாம். மலை எங்கும் போய்விடாது, ஓரத்தில் நின்றாலும் படத்தில் விழும்.

நின்றிருக்கும் பிறருக்கு மேல்புறமாக வந்து நிறுத்தாதீர்கள், கீழ்ப்புறம் போய் நிறுத்துங்கள். நிறுத்தம் தவறினாலும் யாரும் அடிபட மாட்டார்கள். கிளம்பும்போது தலையை முழுவதும் திருப்பி மேலே பாருங்கள். ஹெல்மெட்டும் காகில்ஸும் பக்கப் பார்வையைக் குறைப்பதால் ஓரக்கண் போதாது. இரண்டு நொடி காத்திருங்கள், இடைவெளி வரும்.

படி 7: மோதல் கூடும் இடங்கள்

இரண்டு சரிவுகள் சேரும் சந்தி முதலாவது. இரு பக்கத்தாரும் தாங்கள்தான் முக்கியப் பாதை என்று நினைப்பார்கள். சாலையைப் போல வலப்பக்க முன்னுரிமை என்று ஒன்றும் இங்கே கிடையாது. இருவரும் வேகத்தைக் குறைத்து மேலே பார்த்துச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

காட்டுக்குள் போகும் குறுகிய இணைப்புப் பாதைகளில் சாய்வு குறைவு, அகலமும் குறைவு. வேகம் இழந்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற பயத்தில் பலர் அங்கே நேராக விரைகிறார்கள். அங்கே முந்தாதீர்கள், அந்த நூறு மீட்டர் பொறுத்துக்கொண்டால் போதும்.

மாலையில் ஊருக்கு இறங்கும் கடைசிச் சரிவு எல்லாவற்றிலும் மோசம். நாள் முழுவதும் பல சரிவுகளில் பரவியிருந்த கூட்டம் ஒரே பாதையில் கொட்டும். கால் சோர்ந்திருக்கும், பனி குவியல் குவியலாகக் கிடக்கும், இடையில் உறைந்த பட்டைகள் தெரியும், ஒளி மங்கிவிடும். சிலருக்கு மலை உணவகத்தில் குடித்த இரண்டு கிளாஸும் சேர்ந்திருக்கும். தொடக்கநிலைக்காரர் கோண்டோலாவில் (கம்பிவடப் பெட்டியில்) ஏறியே கீழே வருவதில் வெட்கம் எதுவும் இல்லை. பழகியவர்களே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

லிஃப்ட் நின்றபின் சரிவு மூடப்பட்டது என்றால் மூடப்பட்டதுதான். பனியைச் சமன்செய்யும் இயந்திரங்கள் செங்குத்தான இடங்களில் எஃகுக் கம்பியில் தம்மைக் கட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. அந்தக் கம்பி ஒரு கிலோமீட்டர் வரை நீளும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, இழுபடும்போது பக்கவாட்டில் வீசும். அதில் சிக்கி உயிர் போனவர்கள் உண்டு.

சறுக்காமல் பனியில் விளையாட மட்டும் வரும் குடும்பங்களுக்கு: ஸ்கீ சரிவு நடைபாதை அல்ல. நடந்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் மட்டும் நடக்கலாம் என்பது ஏழாம் விதி. ஸ்லெட்ஜ் வண்டிக்குத் தனிப் பாதை இருக்கும், அங்கே போங்கள்.

படி 8: பிள்ளைகளோடு

ஸ்கீ பள்ளி வகுப்பு பாம்புபோல் வளைந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கும்போது நடுவில் வெட்டிப் போகாதீர்கள். அந்தப் பிள்ளைகள் முன்னால் போகும் பிள்ளையின் தடத்தை மட்டுமே பார்த்து வருகிறார்கள், உங்களைப் பார்ப்பதில்லை.

உங்கள் பிள்ளை புதிதாகக் கற்கிறது என்றால் அதை முன்னால் விட்டு, நீங்கள் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் வாருங்கள். மேலிருந்து வருபவர் உங்களைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நான்கு வயதுப் பிள்ளை தூரத்திலிருந்து மிகச் சிறியது. நீங்கள் அதற்குத் திரைபோல. கிளம்புமுன் மேலே பார்ப்பதை ஒவ்வொரு முறையும் நீங்களும் சத்தமாகச் சொல்லியே செய்யுங்கள். ஸ்கீலாகருக்குப் போகுமுன் பெற்றோரின் கைப்பேசி எண்ணை ஜாக்கெட்டின் உள்பையில் எழுதி வையுங்கள்.

படி 9: மோதிவிட்டால்

முதலில் இரண்டாம் மோதலைத் தடுக்க வேண்டும். காயம்பட்டவருக்குச் சில மீட்டர் மேலே, வருபவர்களுக்குத் தெரியும்படி ஒரு ஜோடி ஸ்கீயைப் பெருக்கல் குறியாகக் குத்தி நிறுத்துங்கள். மேட்டுக்குக் கீழே விபத்து என்றால் ஸ்கீ போதாது, ஒருவர் மேட்டின் உச்சியில் நின்று கையசைக்க வேண்டும்.

கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் அசைக்காதீர்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். ஸ்கீ காலணியையும் கழற்ற வேண்டாம். உடைந்த காலை அது கட்டைபோல் பிடித்து வைத்திருக்கும். மேலே ஜாக்கெட் போர்த்துங்கள், முடிந்தால் கீழேயும் எதையாவது விரியுங்கள்.

உதவிக்கு அந்தத் தளத்தின் மீட்பு எண்ணை அழையுங்கள். அதை வரைபடத்திலும் லிஃப்ட் நிலையத்திலும் எழுதியிருப்பார்கள், காலையிலேயே கைப்பேசியில் சேமித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுவிஸில் 144. ரேகா வான்மீட்புக்கு 1414. வலே கன்டோனில் வான்மீட்புக்கும் 144தான். ஐரோப்பாவில் எங்கும் 112. சரிவின் பெயர், ஓரக் கம்பத்தில் எண் இருந்தால் அந்த எண், அருகிலுள்ள லிஃப்ட், காயம்பட்டவர் நினைவோடு இருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். பிரான்சில் கம்பத்து எண் கீழே போகப் போகக் குறையும்.

உதவாமல் போவது ஒன்பதாம் விதிக்கு முரண் மட்டுமல்ல, சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 128ஆம் பிரிவின் கீழ் குற்றமும் ஆகலாம். பத்தாம் விதி பெயரும் முகவரியும் பரிமாறச் சொல்கிறது. மோதியவர், மோதப்பட்டவர், பார்த்தவர் என்று எல்லோருக்கும் பொருந்தும். தவறு யாருடையது என்பது இதில் கணக்கில்லை. “ஒன்றும் இல்லை, பரவாயில்லை” என்று சொல்லிப் பிரிந்துவிட்டு மாலையில் தோளைத் தூக்க முடியாமல் போகும் கதை சாதாரணம். அவருடைய அடையாள அட்டையையோ லிஃப்ட் பாஸையோ படம் எடுக்கக் கேளுங்கள், சாட்சி ஒருவரின் எண்ணை வாங்குங்கள், சரிவை மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுங்கள். அங்கேயே தவறை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அடுத்தவர்மேல் பழி போடவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்பது வேறு, அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

வழக்கு என்று வந்தால்

இரண்டு வழக்குகளைச் சொன்னால் மூன்றாம், ஐந்தாம் விதிகளின் எடை புரியும்.

2009 ஜனவரி 1 அன்று ஆஸ்திரியாவின் ரீஸ்னெரால்ம் தளத்தில் ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வர் டீட்டர் அல்த்தவுஸ், எதிரே வந்த ஒரு பெண்மேல் மோதினார். இரண்டு சரிவுகள் சேரும் இடம் அது. அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார், தலையில் பலத்த காயத்தோடு பிழைத்தார். அணியாதிருந்த அந்தப் பெண் இறந்துபோனார். அல்த்தவுஸ் சந்தியில் மேல்நோக்கித் திரும்பி, அந்தப் பெண் இறங்கிவந்த சரிவுக்குள் எதிர்த்திசையில் நுழைந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மார்ச் மாதமே தீர்ப்பு: 33,300 யூரோ அபராதம், இறந்தவரின் கணவருக்கு 5,000 யூரோ. ஐந்தாம் விதியை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

மற்றது நடிகை க்வினெத் பால்ட்ரோ வழக்கு. 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டியர் வேலி தளத்தின் எளிதான சரிவு ஒன்றில் அவரும், ஓய்வுபெற்ற கண் பரிசோதகர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். பின்னாலிருந்து மோதியது நடிகைதான் என்று அவரும், இல்லை அவர்தான் என்று நடிகையும் சொன்னார்கள். 2023 மார்ச்சில் நடந்த விசாரணையில் மருத்துவர்களும் மோதல் இயற்பியல் நிபுணர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். முழு விவாதமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: யார் கீழே இருந்தார்? முழுத் தவறும் கண் பரிசோதகருடையது என்று ஜூரி முடிவுசெய்தது. பால்ட்ரோ கேட்டிருந்த ஒரே ஒரு டாலர் இழப்பீடு அவருக்குக் கிடைத்தது. ஏழு ஆண்டுகள் போயிருந்தன.

காப்புறுதியும் அடுத்த நாளும்

சுவிஸில் ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகவே காப்புறுதி உண்டு. சறுக்கி விழுவதும் அதில் அடங்கும். வேலை இல்லாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கிராங்கன்காசேயில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்துப் பகுதி சேர்த்திருக்கிறதா பாருங்கள். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்க் வரைதான் தரும். ஹெலிகாப்டர் வந்தால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நீங்கள் அடுத்தவரைக் காயப்படுத்தினால் காப்பது தனிநபர் பொறுப்புக் காப்புறுதி, இங்கே எல்லோரும் சொல்லும் ஹாஃப்ட்ஃபிளிஷ்ட். வாடகை வீட்டுக்காகப் பலர் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள்; சரிவு மோதலும் அதில் அடங்குகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எல்லை தாண்டி இத்தாலிக்குப் போனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் சரிவில் இறங்கவே கூடாது. 2022 முதல் அது சட்டம். பாஸ் வாங்கும் இடத்திலேயே நாள் கணக்கில் விற்கிறார்கள்.

தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் சறுக்கக்கூடாது, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும். தலைவலி கூடுவது, வாந்தி, குழப்பமான பேச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். முதல் இரவு யாராவது கூட இருக்க வேண்டும். மேலே சொன்னதில் ஒன்று தென்பட்டாலும் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். மறுநாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் விபத்து என்று முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள், விபத்துப் படிவத்தில் மோதியவரின் பெயர், முகவரியோடு அவருடைய ஹாஃப்ட்ஃபிளிஷ்ட் நிறுவனத்தின் பெயரையும் நிரப்புங்கள்.